வாகனம் மினுங்கட்டும், ரப்பரும் வாழட்டும்!

பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது வீட்டில் எல்லாமே மினுங்க வேண்டும் என்பது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். திரைச்சீலைகள் கழுவியாயிற்று. சஹன் தட்டுகள் துலக்கியாயிற்று. பித்தளைப் படிக்கம் புளி போட்டுத் தேய்த்தாயிற்று. கடைசியாக வாசலில் நிற்கும் வேனின் முறை வருகிறது. வாப்பா வாளியில் தண்ணீர் எடுக்கிறார். பிள்ளைகள் பழைய பனியனைக் கிழித்துத் துணி தயாரிக்கிறார்கள். பொலிஷ் டப்பா திறக்கப்படுகிறது. பொனட், கதவு, பின்பக்கம் என்று கை ஓடுகிறது. ஓடுகிற ஓட்டத்தில் கறுப்பு பம்பர், கண்ணாடியைச் சுற்றிய ரப்பர், கதவு ஓரப் பட்டை எல்லாவற்றுக்கும் அதே துணி, அதே பொலிஷ்!

அன்று மாலை பார்க்க அழகாகத்தான் இருக்கும். மறுநாள் நன்றாகக் காய்ந்த பிறகுதான் கறுப்புப் பகுதிகளில் திட்டுத் திட்டாக வெள்ளை தெரியும். தண்ணீர் ஊற்றினால் மறையும். "போய்விட்டது" என்று சந்தோஷப்படுவோம். ஈரம் காய்ந்ததும் மீண்டும் தலைகாட்டும்.

"இது என்ன பெரிய விஷயம்? அழகு கொஞ்சம் குறைகிறது, அவ்வளவுதானே" என்று நீங்கள் கேட்கலாம். பிளாஸ்டிக்கைப் பொறுத்தவரை பெரும்பாலும் அழகுதான் கெடுகிறது. ஆனால் ரப்பர் பட்டை அழகுக்காக வைக்கப்பட்டது அல்ல. மழை நீர் வாகனத்தின் உள்ளே வராமல் காவல் காப்பது அதுதான். ஹட்டனிலும் நுவரெலியாவிலும் வாழ்கிற நமக்கு மழை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை.

குடும்பத்தின் சோறு

தலவாக்கலை, டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவை என்று எந்தச் சிறு நகரத்தை எடுத்துக்கொண்டாலும், அங்கே நிற்கும் வேன்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் பெரும்பாலானவை ஆடம்பரத்துக்காக வாங்கியவை அல்ல. தோட்டத்துப் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் வேன், கடைக்குச் சாமான் கொண்டுவரும் சிறு லொறி, ஆஸ்பத்திரி வாசலில் காத்து நிற்கும் ஓட்டோ. அவற்றை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. அவற்றை வாங்கிய காசில் பாதி, ஒரு தாயின் வளையலோ ஒரு மனைவியின் சங்கிலியோ அடகுக்குப் போய் வந்த காசாகவும் இருக்கும்.

2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022இன் பொருளாதார நெருக்கடி அதன் மேல் வந்து விழுந்தது. தனியார் வாகனங்களுக்கான தடை 2025 பெப்ரவரியில்தான் நீக்கப்பட்டது. தடை நீங்கினாலும் வரியோடு சேர்த்து வரும் விலை சாதாரணக் குடும்பத்தின் கைக்கு எட்டுகிற உயரத்தில் இல்லை. ஆகவே இருக்கிற பழைய வாகனத்தை இன்னும் பல ஆண்டுகளுக்கு ஓட்ட வேண்டிய நிலையில்தான் நம்மில் பலர் இருக்கிறோம். அதைக் காப்பதற்கு விலையுயர்ந்த பொருள் எதுவும் வேண்டாம். எதை எங்கே பூச வேண்டும், எங்கே பூசக் கூடாது என்ற அறிவு இருந்தால் போதும்.

பழைய பழக்கம், புதிய வாகனம்

எல்லாவற்றுக்கும் ஒரே பொலிஷ் பூசும் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது? அந்தக் கால வாகனங்களை நினைத்துப் பாருங்கள். நுவரெலியாவில் மகாகஸ்தோட்ட மலையேற்ற மோட்டார் ஓட்டப் போட்டி 1934இல் தொடங்கியபோது ஓடிய கார்களில் வெளிப்பக்கமாகப் பிளாஸ்டிக் என்று சொல்ல எதுவும் இருந்திருக்காது. 1948இல் வெளிவந்து நம் மலைப் பாதைகளில் பல காலம் உழைத்த மொரிஸ் மைனரும் அப்படியே. உடல் இரும்பு, அதன் மேல் பெயின்ட். பம்பர் குரோமியம் பூசிய உலோகம். ஒரு டப்பா பொலிஷை எடுத்து முன்னிருந்து பின்வரை தேய்த்தாலும் தவறு நேரக்கூடிய இடங்கள் மிகச் சில.

1972இல் பிரான்சின் ரெனோ 5 கார் பிளாஸ்டிக் பம்பருடன் வெளிவந்தது. அதன் பிறகு வாகனங்களின் வெளிப்புறம் மெல்ல மெல்ல மாறிவிட்டது. இன்று பம்பரின் கீழ்ப்பகுதி, பக்கக் கண்ணாடியின் கூடு, கதவுப் பட்டை, சில்லைச் சுற்றிய வளைவு, வைப்பருக்குக் கீழே உள்ள தட்டு என்று எங்கு பார்த்தாலும் பெயின்ட் பூசாத கறுப்புப் பிளாஸ்டிக். வாகனம் மாறிவிட்டது. பொலிஷ் போடும் கை மட்டும் மாறவில்லை.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

பெயின்டுக்கான பொலிஷில் பொதுவாக மூன்று வகைப் பொருள்கள் கலந்திருக்கும். முதலாவது, தேய்க்கும் தூள். கண்ணுக்குத் தெரியாத அளவு நுண்ணிய அலுமினியம் ஒக்சைட் போன்ற தூள்தான் இது. இரண்டாவது, தூளையும் மெழுகையும் கரைத்துக் குழைத்து வைத்திருக்கும் திரவம். பலவற்றில் இது மண்ணெண்ணெயின் இனத்தைச் சேர்ந்த பெற்றோலியக் கரைப்பானாக இருக்கும். மூன்றாவது, மெழுகு அல்லது சிலிக்கோன். பிரேசில் நாட்டுப் பனை ஒன்றின் இலையில் இருந்து எடுக்கப்படும் கார்னோபா மெழுகு இதற்குப் பேர் போனது.

வாகனத்தின் பெயின்ட் பல பூச்சுகள் சேர்ந்தது என்றாலும் அதன் மொத்தத் தடிப்பு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்குதான். வெயிலில் அதன் மேற்பரப்பு மங்கும்போது, பொலிஷில் உள்ள தூள் அந்த மங்கிய பகுதியை மிக மெல்லியதாகச் சுரண்டி எடுக்கிறது. பழைய வாகனங்களுக்குப் பொலிஷ் போடும்போது துணியில் வாகனத்தின் நிறம் ஒட்டுவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். கீழே உள்ள புதிய பரப்பு வெளிப்படுகிறது, மெழுகு அதை மூடுகிறது, வாகனம் மினுங்குகிறது. வழவழப்பான, கெட்டியான பரப்புக்குத் திட்டமிட்டுச் செய்யப்பட்ட வேலை இது.

சமையலறையில் நமக்கு இது நன்றாகவே தெரியும். பித்தளைப் படிக்கத்துக்குப் புளியும் சாம்பலும் போடுகிறோம். அதே சாம்பலையும் கம்பித் தேய்ப்பானையும் நொன்ஸ்டிக் சட்டியில் போடுவோமா? போட்டால் சட்டி என்னவாகும்? வாகனத்திலும் அதே கணக்குத்தான்.

பிளாஸ்டிக்கில் வெள்ளைத் திட்டு ஏன்?

கறுப்பு பம்பரை விரலால் தடவிப் பாருங்கள். தோடம்பழத்தின் தோலைப் போல் சொரசொரப்பாக இருக்கும். வெளிச்சம் பட்டுக் கண்ணைக் கூசச் செய்யாமலும், சிறு கீறல்கள் தெரியாமலும் இருப்பதற்காகவே அதன் மேல் சின்னச் சின்னக் குழிகளை வைத்து வார்க்கிறார்கள். பெயின்ட் பொலிஷைத் தேய்க்கும்போது தூளும் மெழுகும் அந்தக் குழிகளில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. திரவம் ஆவியாகிவிடும். தூளும் மெழுகும் தங்கிவிடும். காய்ந்தபின் வெள்ளையாகத் தெரிவது அதுதான். துணி குழியின் அடிவரை போகாது. எனவே எத்தனை முறை துடைத்தாலும் போகாது.

இதைவிட மோசமான ஒன்றும் நடக்கலாம். கட்டிங் பொலிஷ், ரப்பிங் கொம்பவுண்ட் போன்றவற்றை அழுத்தித் தேய்த்தால், சொரசொரப்பின் மேடுகள் தேய்ந்து வழவழப்பாகிவிடும். அந்த இடம் மட்டும் பளபளவென்று தனித்துத் தெரியும். வெள்ளைத் திட்டையாவது எடுத்துவிடலாம். தேய்ந்துபோன மேட்டைத் திரும்பக் கொண்டுவர வழியில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. பம்பர் சாம்பல் நிறமாக மங்கிப் போனால், "பொலிஷ் போட்டால் கறுத்துவிடும்" என்று சிலர் நினைக்கிறார்கள். இந்தப் பாகங்கள் பெரும்பாலும் பொலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனவை. வெயிலின் புறஊதாக் கதிர்களும் காற்றிலுள்ள ஒட்சிசனும் சேர்ந்து அதன் மேற்பரப்பை ஆண்டுக்கணக்கில் சிதைப்பதால்தான் நிறம் மங்குகிறது. கடல் மட்டத்தில் இருந்து ஒவ்வொரு 1,000 மீற்றர் உயரத்துக்கும் புறஊதாக் கதிரின் வீச்சு ஏறத்தாழ 10 சதவீதம் கூடுகிறது. நுவரெலியா இருப்பதோ 1,868 மீற்றர் உயரத்தில். குளிராக இருக்கிறதே என்று நாம் வெயிலை அலட்சியம் செய்கிறோம். ஆனால் மேகம் விலகிய வேளையில் இங்குள்ள வெயில் பிளாஸ்டிக்கை விட்டுவைப்பதில்லை. அப்படிச் சிதைந்த பரப்பில் தேய்க்கும் தூளைப் போடுவது, வெந்த புண்ணைச் சுரண்டுவது போலாகும்.

ரப்பருக்கு நேர்வது என்ன?

ரப்பர் நமக்கு அந்நியமான பொருள் அல்ல. பிரேசில் நாட்டு விதைகளில் இருந்து லண்டன் கியூ தாவரத் தோட்டத்தில் முளைத்த கன்றுகள் 1876இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டு, கம்பஹாவுக்கு அருகே ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நடப்பட்டன. மலைக்குத் தேயிலை, களுத்துறை, கேகாலை, இரத்தினபுரிப் பக்கம் ரப்பர் என்று நாடு பிரிந்துகொண்டது. ஆனால் மரத்தில் இருந்து எடுக்கும் இயற்கை ரப்பர் வெயிலையும் காற்றில் உள்ள ஓசோனையும் நீண்ட காலம் தாங்காது. வெடித்துப் பிளந்துவிடும். அதனால் இன்றைய வாகனங்களின் கதவுப் பட்டைகளில் பெரும்பாலானவை, 1960களில் சந்தைக்கு வந்த ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரால் செய்யப்படுகின்றன. வெயில், மழை, ஓசோன் மூன்றையும் தாங்குவதில் அது கெட்டிக்காரன்.

ஆனால் அதற்கும் ஓர் எதிரி உண்டு. அதுதான் பெற்றோலிய எண்ணெய்! மண்ணெண்ணெய், டீசல், கிரீஸ், பெற்றோலியக் கரைப்பான் எல்லாம் அந்த இனம்தான். அவை ரப்பருக்குள் ஊறி, அதை உப்பவைத்து, இளகச் செய்கின்றன. திரவம் ஆவியாகிப் போகும்போது ரப்பரை மிருதுவாக வைத்திருந்த பொருள்களில் ஒரு பகுதியையும் தன்னோடு எடுத்துப் போகலாம். மீண்டும் மீண்டும் இப்படி நடந்தால் பட்டை சுருங்கி, இறுகி, விறைத்துப் போகும்.

நம்புவதற்குக் கடினமாக இருந்தால் ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். ஒரே அளவான இரண்டு ரப்பர் பட்டிகளை எடுங்கள். ஒன்றைப் போத்தல் மூடியில் ஊற்றிய மண்ணெண்ணெயில் போட்டு ஓர் இரவு வையுங்கள். (அடுப்புக்கும் சிறு பிள்ளைகளின் கைக்கும் எட்டாத இடத்தில்!) காலையில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஊறியது பருத்து, நீண்டு, இழுத்தால் பலமின்றி அறுந்துபோகும். ரப்பர் பட்டி இயற்கை ரப்பர் என்பதால் மாற்றம் விரைவாகத் தெரியும். கதவுப் பட்டையில் அதே காரியம் மெதுவாக நடக்கிறது.

ஒரு தடவை தவறுதலாகப் பட்டுவிட்டால் பட்டை செத்துவிடும் என்று பயப்பட வேண்டாம். உடனே துடைத்துக் கழுவினால் போதும். பழக்கமாக, பெருநாளுக்குப் பெருநாள், மாதத்துக்கு மாதம் பூசுவதுதான் கேடு.

மலைநாட்டில் இதன் விலை

கதவைச் சாத்தும்போது ரப்பர் பட்டை நசுங்கி, இடைவெளியை நிரப்பி, திறந்ததும் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். விறைத்த பட்டை நசுங்காது. இளகிய பட்டை திரும்பி எழாது. இரண்டிலுமே தண்ணீருக்கு வழி திறந்துவிடுகிறது.

ஹட்டனுக்குக் கீழே உள்ள வட்டவளைப் பகுதியில் ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. நாட்டிலேயே மிக அதிகமாக நனையும் இடங்களில் அதுவும் ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவ மழை. அது ஓய்ந்தால் பனிமூட்டம். கொழும்பில் ஒரு நாள் வெயிலில் காய்ந்துவிடும் தரை விரிப்பு, இங்கே வாரக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும்.

உள்ளே வரும் தண்ணீர் விரிப்பின் அடியில் தேங்கும். முதலில் ஒரு புழுங்கல் வாடை. பிறகு பூஞ்சணம். பூஞ்சணம் பிடித்த மூடிய வேனில் தினமும் போய்வருவது, மூச்சிழுப்பு உள்ள பிள்ளைகளுக்கு நல்லதல்ல. அந்த வாடையை மறைக்க வாசனைத் திரவியம் வாங்கித் தொங்கவிடுவதால் காரணம் நீங்குமா? அடுத்தது துரு. விரிப்பின் அடியில் இருக்கும் இரும்புத் தகடு, யாரும் பார்க்காத இடத்தில் மெல்ல மெல்ல உண்ணப்படுகிறது. கண்டுபிடிக்கும் நாளில் தகடு வெட்டி ஒட்டுகிற வேலையாகிவிடும். மின்கம்பி இணைப்புகளில் ஈரம் ஏறினால் வரும் கோளாறுகள் வேறு.

முன்கண்ணாடியைப் பற்றியும் சொல்ல வேண்டும். கண்ணாடி ஓர ரப்பரிலும் வைப்பர் தட்டிலும் பூசிய மெழுகுப் பொலிஷ், மழை நீரோடு கண்ணாடிக்கு வந்து, வைப்பர் ரப்பரில் ஒட்டிக்கொள்ளும். அதன்பின் வைப்பர் துடைக்காது, மெழுகைப் பூசும்! நானுஓயாப் பனிமூட்டத்திலோ ரம்பொடை வளைவுகளிலோ இரவில் எதிரே வரும் வாகனத்தின் வெளிச்சம் அந்தப் பூச்சில் பட்டுச் சிதறினால், சாரதிக்குப் பாதை தெரியாது. பின் ஆசனத்தில் இருப்பவர்கள் நம் பிள்ளைகள்.

பொலிஷ் போடும் நாளில்

பெயின்டுக்குப் பொலிஷ் போட வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. தாராளமாகப் போடுங்கள். முறையோடு போடுங்கள்.

முதலில் வாகனத்தை நன்றாகக் கழுவித் துடையுங்கள். பிறகு கறுப்புப் பிளாஸ்டிக்கையும் ரப்பர் ஓரங்களையும், பெயின்ட் அடிப்பவர்கள் பயன்படுத்தும் மாஸ்கிங் டேப்பால் மூடிவிடுங்கள். ஹார்ட்வெயார் கடைகளில் கிடைக்கும். பொலிஷைத் துணியில் கொஞ்சமாக எடுத்து, ஓரத்துக்கு இரண்டு விரல் இடம் விட்டுத் தேயுங்கள். ஓரத்தைக் கடைசியில் துணியின் நுனியால் கவனமாக முடித்துக்கொள்ளலாம். நேர் வெயிலில் போட்டால் பொலிஷ் சட்டென்று காய்ந்து இறுகும். மூடுபனி இறங்கும் நேரத்தில் போட்டால் காயவே காயாது. வெயில் ஏறுமுன் உள்ள காலை நேரத்தில், நிழலில், வாகனம் சூடில்லாமல் இருக்கும்போது போடுவதே நல்லது. முடிந்தவுடன் டேப்பை எடுத்துவிடுங்கள்.

கை தவறிக் கறுப்பில் பட்டுவிட்டால் காயும்வரை காத்திருக்க வேண்டாம். ஈரத் துணியால் அப்போதே துடையுங்கள்.

ஏற்கெனவே வெள்ளை படிந்துவிட்டதா?

இலேசான வழியில் இருந்து தொடங்குங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில துளிகள் கலந்து, பழைய பல் பிரஷால் வட்டமாகத் தேய்த்துக் கழுவுங்கள். குழிகளுக்குள் துணி போகாது, பிரஷின் மயிர் போகும். புதிதாகப் படிந்த வெள்ளை இதிலேயே போய்விடும்.

போகாவிட்டால் பிள்ளைகளின் பென்சில் பெட்டியைத் திறவுங்கள். அழிறப்பரால் வெள்ளைத் திட்டை மெதுவாக அழித்துப் பாருங்கள். காய்ந்த மெழுகை அது உருட்டி எடுத்துவிடும். அதற்கும் அசையாத மெழுகுக்கு, மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டை அதே அளவு தண்ணீரில் கலந்து, துணியில் நனைத்துத் துடைக்கலாம். முதலில் கண்ணில் படாத ஒரு மூலையில் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். பெயின்டில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. முடிந்ததும் தண்ணீரால் கழுவிவிடுங்கள்.

பெற்றோல், தின்னர் இரண்டையும் இதற்காகத் தொடவே வேண்டாம். வெள்ளையோடு பிளாஸ்டிக்கும் ரப்பரும் சேர்ந்து கெடும்.

கறுப்புக்கு எது நல்லது?

பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் அடிப்படை மருந்து சவர்க்காரத் தண்ணீர்தான். வாரம் ஒருமுறை சேற்றையும் தூசியையும் கழுவித் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. பட்டையின் மடிப்பில் ஒளிந்திருக்கும் மணல், கதவு சாத்தும் ஒவ்வொரு முறையும் ரப்பரை அரைக்கிறது. அதை விரலில் துணி சுற்றி எடுத்துவிடுங்கள்.

கறுப்பு நிறம் வேண்டுமானால், பிளாஸ்டிக்குக்கும் ரப்பருக்கும் உரியது என்று போத்தலில் குறிப்பிட்டிருக்கும், தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட பூச்சை வாங்குங்கள். பெற்றோலியம் கலந்தது என்று எழுதியிருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். கொஞ்சமாகப் பூசி, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும்.

கதவு ரப்பருக்கு இன்னும் எளிய வழி ஒன்று உண்டு. உதடு வெடிப்புக்கு நாம் வாங்கும் கிளிசரின்தான் அது! குளிர் நாடுகளில் கதவு ரப்பர் உறைந்து ஒட்டாமல் இருப்பதற்காக இதைப் பூசுவார்கள். சில ஆண்டுகளில் ஜனவரி, பெப்ரவரி காலைகளில் புல் நுனி வெள்ளையாக உறையும் நுவரெலியாவுக்கும் இது பொருத்தம். சுத்தமாகத் துடைத்த ரப்பரில், ஈரத் துணியில் சில துளிகள் விட்டு, இருக்கிறதா இல்லையா என்று தெரியாத அளவுக்கு மெல்லியதாகத் தடவினால் போதும். அதிகம் பூசினால் தூசி ஒட்டும். சிலிக்கோன் கிரீஸ் கிடைத்தால் அதையும் இதே போல் மெல்லியதாகப் பூசலாம். சாதாரணக் கிரீஸ் கூடாது.

தேங்காய் எண்ணெய்? நம் வீடுகளில் எதற்கும் முதலில் கை போவது அந்தப் போத்தலுக்குத்தான். பூசியவுடன் கறுப்பாகத்தான் தெரியும். ஆனால் இரண்டே நாளில் வீதித் தூசியெல்லாம் அதில் வந்து அப்பிக்கொள்ளும். பிறகு சிக்கு வாடை. எண்ணெயைத் தலைக்கும் கறிக்கும் விட்டுவிடுவோம். சில இடங்களில் கழுவிய வாகனத்தின் அடியிலும் ஓரங்களிலும் டீசல் அல்லது பழைய இஞ்சின் ஒயில் தெளித்துக் கறுப்பாக்கித் தருகிறார்கள். "வேண்டாம்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அது ரப்பருக்கும் கேடு, கழுவிவிடும் தண்ணீர் போய்ச் சேரும் ஓடைக்கும் கேடு. மங்கிய பிளாஸ்டிக்கை நெருப்புக் காட்டிக் கறுப்பாக்கும் வித்தையையும் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். கொஞ்ச காலத்தில் மீண்டும் மங்கிவிடும். கை தவறினால் பம்பர் உருகும்.

எங்கே எதையுமே பூசக் கூடாது?

வழுக்கினால் ஆபத்து வரும் இடங்களில் எந்தப் பூச்சும் வேண்டாம். பிரேக், கிளச் மிதிகளின் ரப்பர், ஸ்டீரிங் வளையம், டயரில் நிலத்தைத் தொடும் பகுதி, மோட்டார் சைக்கிளின் ஆசனம் ஆகியவை அப்படிப்பட்டவை. நம் சகோதரிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டிய இடம் வேனின் ஏறுபடி. அபாயாவின் விளிம்பை ஒரு கையில் பிடித்து, மறு கையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறும்போது, மினுங்குகிற படி நம்மை விழுத்தாட்டிவிடும். அங்கே சவர்க்காரமும் தண்ணீரும் மட்டும்தான்.

பழைய வாகனம் வாங்கும் வீட்டுக்கு

விற்பதற்கு நிறுத்தியிருக்கும் பழைய வாகனத்தில் கறுப்புப் பகுதிகள் எல்லாம் ஈரம் போல மினுங்கினால் மயங்கிவிடாதீர்கள். அது நேற்றுப் பூசிய பூச்சாக இருக்கலாம். ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடைத்துப் பாருங்கள். கதவு ரப்பரை நகத்தால் அழுத்தி, எழுகிறதா என்று பாருங்கள். விரிப்பைத் தூக்கி அடியில் கை வையுங்கள். வெளியே உலர்ந்த தானியமும் உள்ளே நனைந்த தானியமுமாக இருந்த குவியலில் கையை விட்டுப் பார்த்து, நபி (ஸல்) அவர்கள் அந்த வணிகரைக் கண்டித்த சம்பவத்தை நம் பிள்ளைகள் மத்ரஸாவில் படித்திருக்கிறார்கள். விற்கிற பக்கம் நாம் நிற்கும் நாளிலும் அது நினைவிருக்க வேண்டும். தண்ணீர் ஒழுகுகிறது என்றால், ஒழுகுகிறது என்று சொல்லி விற்பதே நேர்மை.

நீங்களே சோதித்துப் பாருங்கள்

உங்கள் வாகனத்தின் ரப்பர் எப்படி இருக்கிறது என்று அறிய மெக்கானிக் தேவையில்லை. ஒரு காகிதத் துண்டைக் கதவு ஓரத்தில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பிறகு காகிதத்தை இழுத்துப் பாருங்கள். இறுக்கமாக வந்தால் பட்டை தன் வேலையைச் செய்கிறது. பிடிப்பே இல்லாமல் நழுவி வந்தால் அந்த இடம் தளர்ந்துவிட்டது. இப்படியே ஒவ்வொரு கதவையும் சுற்றி நாலைந்து இடங்களில் பாருங்கள். அடுத்து, ஒருவர் கைவிளக்கோடு உள்ளே உட்கார, மற்றவர் வெளியே நின்று கூரையில் இருந்து தண்ணீரை மெதுவாக ஊற்றட்டும். எங்கே கசிகிறது என்பது தெரிந்துவிடும்.

தளர்ந்துபோன பட்டையை எந்தப் பூச்சாலும் உயிர்ப்பிக்க முடியாது. மாற்றத்தான் வேண்டும். ஒரு கதவின் பட்டையை மாற்றும் செலவு, துருப்பிடித்த தரைத் தகட்டை வெட்டி ஒட்டும் செலவுக்கு அருகிலும் வராது. இன்னும் நல்ல நிலையில் இருக்கும் பட்டை என்றால் அதைச் சவர்க்காரத் தண்ணீரில் துடைத்து, பொலிஷ் துணியில் இருந்து தூர வையுங்கள். மே மாத மழைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்கென்று ஒதுக்குங்கள். அந்த மழைக் காலம் முழுவதும் உங்கள் பிள்ளைகள் உலர்ந்த ஆசனத்தில் உட்கார்ந்து பாடசாலைக்குப் போய்வருவார்கள்.